மகனுக்கு என்ன எழுதுவது?

(நோட்டன் பிரிட்ஜில், மறைபரப்பு ஞாயிறுக்கு முந்திய மாலை, பிள்ளைகளை இறைப்பணிக்கு அனுப்பிய குடும்பங்களுக்கு ஓர் அருட்தந்தை ஆற்றிய உரை)



காலையில் பிரட்டுக்குப் போய், நாள் முழுதும் மழையில் நனைந்து, கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேராகவே கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை இறைப்பணிக்குப் போயிருக்கிறான். ஒருவன் குருமடத்தில் இருக்கிறான். இன்னொருவன் கடல் தாண்டி, நமக்குப் புரியாத பாஷை பேசும் ஊரில் மறைப்பணி செய்கிறான். அவனிடம் நீங்கள் வீட்டைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

நான் விசாரித்த வரையில் பதில் ஒன்றுதான். "எல்லாரும் நல்ல சுகம்னு சொல்லுவோம் சாமி. ஆண்டவருக்குன்னு குடுத்த புள்ள. இங்க உள்ள கஷ்டத்தச் சொல்லி அவன் மனசக் கலைக்கலாமா?"

இந்தப் பதிலுக்குள் இருக்கிற அன்பு எனக்குத் தெரியும். பசியைப் பிள்ளைக்குக் காட்டாமல் வளர்த்த கைகள் உங்களுடையவை. ஆனாலும் அப்படி மறைக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஒரு தாய் மலையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். பல வாரம் வேலைக்குப் போக முடியவில்லை, சம்பளமும் இல்லை. காதுத் தோட்டை அடகு வைத்துத்தான் அடுப்பு எரிந்தது. மகன் ஒவ்வொரு ஞாயிறும் பேசினான். ஒவ்வொரு ஞாயிறும் "சுகம்தான் மகன்" என்ற பதிலே போனது. கடைசியில் விடுமுறைக்கு வந்து திரும்பிய வேறொரு பிள்ளையின் வாய்வழியாக அவனுக்கு விஷயம் தெரிந்தது. அவன் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "சாமி, நான் இப்ப அந்த வீட்டுக்கு விருந்தாளியா?" நல்ல கோப்பையில் தேத்தண்ணி கொடுத்து, கஷ்டத்தை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துவது விருந்தாளிக்குத்தான். அவன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

சாமுவேலின் தாய் அன்னாவை நினைத்துப் பாருங்கள். அழுது கேட்டுப் பெற்ற பிள்ளை. பால் மறந்ததும் சீலோவுக்குக் கொண்டுபோய் ஆண்டவருடைய இல்லத்தில் விட்டுவிட்டாள். அவள் கதை அத்தோடு முடிந்ததைப் போலத்தான் நாங்கள் குருக்கள் பல நேரம் பிரசங்கம் செய்கிறோம். வேதம் அங்கே முடிக்கவில்லை. வருடா வருடம் பலி செலுத்தப் போகும்போது அவள் ஒரு சின்ன மேலங்கி செய்து கொண்டுபோய்ப் பிள்ளைக்குக் கொடுத்தாள் என்று அடுத்து வருகிறது. ஒரே ஒரு வசனம். அவசரமாகப் படித்தால் கண்ணில் படாது. நான் அந்த வசனத்தில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். பிள்ளை கண் முன்னால் இல்லை. போன வருடம் இடுப்புக்கு நின்றான், இந்த வருடம் எதுவரை வளர்ந்திருப்பான்? தோளில் துணி இறுக்குமா? கை நீளம் போதுமா? அக்கம்பக்கத்தில் அவன் வயதுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு நிறுத்தி அளவு பார்த்திருப்பாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சீலோவில் வளர்ந்த பிள்ளை, வருடம் முழுக்க அந்தத் தாயின் வீட்டிலும் வளர்ந்துகொண்டிருந்தான். பிற்பாடு அவளுக்கு 3 ஆண் பிள்ளைகளும் 2 பெண் பிள்ளைகளும் பிறந்தார்கள். அங்கியைக் கையில் கொடுக்கும்போது, "உனக்குத் தம்பி பிறந்திருக்கிறான்" என்று சொல்லாமலா திரும்பியிருப்பாள்? அன்னா பிள்ளையைக் கொடுத்தாள். தாயாக இருப்பதை அவள் விடவுமில்லை, கடவுள் விடச் சொல்லவுமில்லை.

தகப்பன்மாருக்கு ஈசாய் இருக்கிறார். மூத்த பிள்ளைகள் மூவர் போர்முனையில். அவர் கடைசிப் பிள்ளை தாவீதைக் கூப்பிட்டு, வறுத்த தானியமும் அப்பமும் கொடுத்து, அண்ணன்மாரைப் பார்த்து அவர்கள் சுகமாக இருப்பதற்கு ஓர் அடையாளம் வாங்கி வா என்று அனுப்பினார். கோலியாத்தைத் தாவீது கொன்றது எல்லாருக்கும் தெரியும். அவன் அந்தக் களத்துக்குப் போனதே வீட்டுச் சேதி கொண்டுபோகத்தான்.

நம் மக்களுக்குச் சேதியின் அருமையை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நம்மை எண்ணிப் பிரித்தார்கள். அண்ணன் போனான், தம்பி நின்றான். மகள் போனாள், தாய் நின்றாள். ஹட்டன் ஸ்டேசனில் நடந்த அழுகையைப் பார்த்துத்தான், போகிறவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, கூடலூர், கோத்தகிரி என்று போய்ச் சேர்ந்தவர்களிடமிருந்து வரும் கடிதத்துக்காக இந்த லயங்கள் எப்படிக் காத்திருந்தன என்று இங்கே இருக்கும் பாட்டிமாரைக் கேளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை இஸ்தோப்பில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதுவிப்பார்கள். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, பெரியவர்கள் பெயரெல்லாம் வரிசையாகச் சொல்லி, "அவ்வளவுதான், ஒட்டு" என்பார்கள். பிள்ளை ஒட்டப் போகும்போதுதான் ஞாபகம் வரும்: "பொறு, அந்தச் செவலைப் பசு கன்னு போட்டதையும் எழுது. தாத்தாவுக்கு இப்பக் கண்ணு சரியாத் தெரியலன்னும் எழுது." ஓரத்தில் இடுக்கி எழுதிய அந்த இரண்டு வரியைத்தான் அக்கரையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பப் படித்தார்கள். உங்கள் பிள்ளைக்கும் அந்த ஓரத்து வரிகள்தான் தேவை.

தூரத்தில் பணி செய்த புனிதர்களுக்கும் அது தேவைப்பட்டது. புனித சவேரியார் 1542இல் கோவாவுக்கு வந்து, அதே வருடம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்குப் போனார். அவருடைய சிறுவயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். தாயும் அவர் பாரிஸில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1529இல், காலமானார். பிறகு அவருக்குக் குடும்பமாக இருந்தவர்கள் இயேசு சபைத் தலைவர் இஞ்ஞாசியாரும் மற்றச் சபைத் தோழர்களும்தான். லிஸ்பனிலிருந்து கப்பல்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் புறப்படும். ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகும். வந்த கடிதங்களை அவர் கண்ணீரோடு படித்தார், பதிலையும் கண்ணீரோடு எழுதினார். 1546இல் அம்போன் தீவிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரு விஷயம் சொல்கிறார். தோழர்கள் தங்கள் கையால் எழுதிய பெயர்களைக் கடிதங்களிலிருந்து வெட்டியெடுத்து, தன் வார்த்தைப்பாட்டோடு சேர்த்து எப்போதும் தன்னிடம் வைத்திருக்கிறாராம். ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், கடலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சாதவர். அவருக்கே அந்தச் சின்னக் காகிதத் துண்டுகள் தேவைப்பட்டன. உங்கள் பிள்ளைக்கு மட்டும் தேவைப்படாது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

அவரைத் திரும்பி வரும்படி இஞ்ஞாசியார் ஒரு கடிதம் எழுதினார். தேதி 1553 ஜூன் 28. சவேரியார் சீனக் கரையோரத் தீவில் 1552 டிசம்பர் 3ஆம் திகதியே உயிர்விட்டிருந்தார். கடிதம் எழுதப்பட்டபோது அதைப் பெறவேண்டியவர் உலகத்தில் இல்லை. அன்றைக்குக் கடல் பிரித்தது, அது யார் குற்றமுமில்லை. இன்று கையில் போனை வைத்துக்கொண்டு நாமே மறைக்கிறோம்.

இந்த மலைநாட்டிலேயே நடந்த ஒன்றும் இருக்கிறது. புனித யோசேவாஸ் அடிகளார் 1687இல் கோவாவிலிருந்து கூலியாளைப் போல வேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்தவர். பிறகு கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். வருடக்கணக்கில் இந்தத் தீவு முழுவதற்கும் ஒரே குருவாக இருந்தார். பிற்பாடு உதவிக்கு வந்த குருக்களில் ஒருவர் அவர் சொந்தக் குடும்பத்துப் பிள்ளை, யோசேப் கர்வாலோ. 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, ஊரே ஓடியபோது, இந்த இருவரும்தான் கைவிடப்பட்டவர்களைத் தூக்கிக் கழுவினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். வீட்டு உறவு அவருடைய பணிக்கு இடைஞ்சலாக வரவில்லை. பக்கத்தில் நின்று தோள் கொடுத்தது.

என் மனதில் ஆழமாக இருப்பதைச் சொல்கிறேன். தன் வீட்டின் பாடு தெரியாத பணியாளனால் இன்னொரு வீட்டின் பாட்டுக்குள் நுழைய முடியாது. உங்கள் மகன் நாளைக்கு எங்கோ ஓர் ஏழைத் தாயின் முன்னால் உட்காரப் போகிறான். அவள் அடகுக் கடையைப் பற்றிச் சொல்லும்போது அவனுக்கு அது கேள்விப்பட்ட விஷயமாக இருக்கக் கூடாது. "எங்கம்மாவும் போன மாதம் அங்கேதான் நின்றாள்" என்று அவன் நெஞ்சு சொல்ல வேண்டும். நீங்கள் மறைக்கும்போது அவனுடைய மனச்சமாதானத்தைக் காப்பதாக நினைக்கிறீர்கள். ஆனால் அவனுடைய இரக்கத்தின் வேருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கிறீர்கள்.

சரி, மறுபக்கமும் உண்டு. சேதி சொல்வது வேறு, இழுப்பது வேறு. "நீ இருந்திருந்தா அப்பாவுக்கு இப்படி ஆகியிருக்காது" என்பது சேதி இல்லை, வழக்கு. இதில் ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தரின் தாயை நான் அடிக்கடி நினைப்பேன். பியாட்ரிஸ் பெரேரா, லிஸ்பனில் அரச சபைக்கு நெருக்கமான குடும்பம், இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். பிள்ளை சாகக் கிடந்தபோது சவேரியாருக்கு நேர்ந்துகொண்டு, பிழைத்ததும் ஒரு வருடம் அவனுக்கு இயேசு சபையாரின் அங்கியைச் சிறிதாகச் செய்து உடுத்தியவர். அதே பிள்ளை வளர்ந்து, இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது தாங்கவில்லை. பாப்பரசரின் தூதர் வரை போய்த் தடுக்கப் பார்த்தார். 1673இல் மகன் கப்பலேறிவிட்டான். அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். விதவைத் தாயின் கை அப்படித்தான் பிடிக்கும். மறவர் நாட்டில் 1686இல் மகன் சித்திரவதைப்பட்டான். 1687இல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது தாயைப் பார்த்தான். அரசர் அங்கேயே வைத்துக்கொள்ள விரும்பியும் நிற்காமல் 1690இல் திரும்பினான். இந்த முறை எதற்குப் போகிறான் என்று அந்தத் தாய்க்குத் தெரியும். 1693 பெப்ரவரி 4ஆம் திகதி அவன் தலை வெட்டுண்ட செய்தி லிஸ்பனுக்குப் போனபோது, அவர் துக்க உடை உடுத்தவில்லை, திருநாள் உடை உடுத்தி அரசவைக்கு வந்தார். எல்லாத் தாய்மாராலும் அது முடியும் என்று நான் சொல்லவில்லை. உண்மை முழுதும் தெரிந்த தாய்க்குத்தான் அந்த உடையை எடுக்கும் துணிவு வந்தது என்று மட்டும் சொல்கிறேன். ஆகவே இங்கிருந்து போகும் சேதியைப் போலவே அங்கிருந்து வரும் சேதியிலும் உண்மை இருக்க வேண்டும். பிலிப்பியர் அனுப்பிய எப்பப்பிரதித்து பவுலிடம் வந்து சாகுமளவு நோய்ப்பட்டார். அது ஊரில் தெரிந்துவிட்டதே என்று அவர் கலங்கியதையும் பவுல் மறைக்காமல் எழுதி, அவரையே வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

வீடு உண்மையிலேயே விழப்போகிறது என்றால்? அப்போது கூப்பிடுங்கள். தயங்காமல் கூப்பிடுங்கள். பெற்றோருக்குச் செய்யவேண்டியதை "கொர்பான், கடவுளுக்குக் கொடுத்தாயிற்று" என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை நம் ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! பிறசபையைச் சேர்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1894இல் இதே இலங்கையில் பணி செய்துகொண்டிருந்தார். தகப்பனைப் போல் தன்னை நேசித்த முதியவர் பக்கவாதத்தில் விழுந்தார் என்ற செய்தி வந்ததும் வேலையை விட்டு ஊருக்குப் போனார். போனதால் அவருடைய அழைப்பு அழிந்துவிட்டதா? அடுத்த வருடமே இந்தியாவுக்கு வந்து, 1951இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1904இல் அவரைப் பெற்ற தாயே, அவர் பணி செய்த டோனாவூருக்கு வந்து மகளோடு தங்கியிருந்தார்.

இன்று இரவு என்ன செய்வது என்று கேட்பீர்கள். விமலசுரேந்திர நீர்த்தேக்கம் வான் பாய்வதை எழுதுங்கள். லயத்துக்குப் பின்னால் மண் சரிந்ததையும், பயத்தில் பள்ளிக்கூடத்தில் படுத்ததையும் எழுதுங்கள். தங்கை ஓ.எல். பரீட்சையில் கணிதத்தில் தவறியது, தம்பி கொழும்புக் கடையில் சேர்ந்தது, பணிய லயத்துத் தாத்தா இறந்தபோது யார் பறை அடித்தது, கடன் எவ்வளவு, எல்லாம் எழுதுங்கள். அப்பா குடிக்கிறார் என்றால் அதையும் எழுதுங்கள், அப்பாவைத் திட்டாமல். காசு அனுப்ப முடியாதவன் கையில் கடனைச் சொல்லி என்ன பயன் என்கிறீர்கள். பெயர் சொல்லி, தொகை சொல்லி அவன் பலிபீடத்தில் வைப்பான். நவசந்நியாசத்தில் போன் தரமாட்டார்கள், கடிதம் போகும். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் போகும். சிக்னல் இல்லாத லயமென்றால் மேட்டு ரோட்டுக்கு வரும்போது அனுப்புங்கள். எழுதத் தெரியாத பாட்டி இருந்தால் போனை வாயருகில் பிடித்துப் பேசச் சொல்லுங்கள். நடுவில் அழுதாலும் நிறுத்தி, மறுபடி பதிவு செய்யாதீர்கள். அப்படியே அனுப்புங்கள்.