கொடுத்தவர் ஏமாளியா?

ஊருக்கென்று இலவசமாக ஒன்றைத் தருகிறோம். அதை ஒருவன் எடுத்துச் சென்று, கடைவிரித்துக் காசாக்குகிறான். கொடுத்த நாம் ஏமாளிகளா?

இந்த வினாவை நம்முன் நிறுத்துகிறது லிப்ரிவாக்ஸ் என்னும் தொண்டர் கூட்டம். 2005ஆம் ஆண்டில், கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரத்தவரான ஹியூ மெக்குவைர், இணையத்தின் வழியே ஓர் அழைப்பு விடுத்தார். ஜோசப் கான்ராட் எழுதிய ‘தி சீக்ரெட் ஏஜெண்ட்’ புதினத்தைப் பலரும் பங்கிட்டுப் படித்து ஒலிப்பதிவு செய்வோம் என்றார். பலர் வந்தனர். அந்தப் பணி இன்று பல மொழிகளில், பல்லாயிரம் ஒலிநூல்களாக வளர்ந்திருக்கிறது.

கூலி இல்லை, குரல் தேர்வும் இல்லை! பதிப்புரிமைக் காலம் முடிந்த நூலை ஒருவர் படிப்பார். மற்றொருவர் கேட்டு, விட்டுப்போன சொல்லையும் வீண் ஓசையையும் சுட்டுவார். குரல் இனிதா இல்லையா என்று எடைபோட மாட்டார். முடிந்த பதிவும் பொதுச்சொத்தே. எவரும் கேட்கலாம், படியெடுக்கலாம், விற்கவும் செய்யலாம்!

“விற்கவுமா? உழைப்பவன் ஒருவன், உண்பவன் வேறொருவன் என்ற கொடுமைதானே இது?” என்று தோழர் சினக்கக்கூடும். அந்தச் சினம் நேர்மையானது. ஆனால் சிந்திப்போம். மறுக்க முடியாதவனிடம் பறிப்பது சுரண்டல். மனமுவந்து, விளைவறிந்து தருவது கொடை. மேலும், ஒருவன் விற்றதால் ஒலி குறைந்துவிடுவதில்லை. விலையின்றிக் கேட்கும் வழியும் அடைபடுவதில்லை.

வணிகனைத் தடுக்கக் கதவொன்று அமைத்தால், காவலன் ஒருவன் வேண்டும். காவலன் வந்தால், கண்பார்வையற்ற மாணவனும், சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரும் அவன்முன் அனுமதி கேட்டு நிற்கவேண்டும். ஒரு பேராசைக்காரனுக்கு அஞ்சி, ஓராயிரம் பேரைக் காக்க வைப்பதா அறம்?

ஆயினும் இரண்டு கடமைகள் நமக்கு உண்டு. இலவசமாகக் கிடைப்பதை அறியாமல் காசு கொடுப்பவனுக்கு அந்த உண்மையைச் சொல்லவேண்டும். குரலை விற்றுப் பிழைக்கும் உழைப்பாளியிடம், “நீயும் சும்மா படி” என்று கேட்காதிருக்கவேண்டும். கொடை, கொடுப்பவர் விருப்பம். கட்டாயமானால் அது வரி!

படிப்பகத் திண்ணையில் ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பலர் சூழ்ந்து கேட்ட நாட்கள் நமக்கு உண்டு. படித்தவர், கேட்டவரின் தகுதியை ஆராய்ந்தாரா? இல்லை. கேட்டவர் அறிந்தார், அறிந்தவர் நிமிர்ந்தார். கொடுத்தவர் எதையும் இழக்கவில்லை.