பார்வையின் கடன்

மாசி போய்ப் பங்குனி பிறக்கையில் அடையாறு கழிமுகத்தில் காற்று திசை மாறிவிடுகிறது. வாடை ஓய்ந்து, பிற்பகலில் கடற்காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கும். குளிர்காலத்தைச் சேற்றில் கழித்த உள்ளான்கள் வடக்கே திரும்புகிற பருவம். திரு.வி.க. பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் சட்டை படபடக்க நின்று இவற்றைப் பார்ப்பது எனக்கு வழக்கம். வாரம் முழுதும் பாங்கில் பிறர் பணத்தை எண்ணுகிறவனுக்கு, கணக்குக் காட்ட வேண்டாத ஒன்றைப் பார்ப்பதில் ஒரு விடுதலை. இந்த விடுதலைக்கு அறமதிப்பு ஏதும் உண்டா?

உண்டு என்பது நமக்குப் பழகிய பதில். பயன் கருதாத பார்வையே தூயது. தேவை புகுந்தால் ரசனை கெடும். கான்ட் வழியாக வந்த இந்தச் சித்தாந்தத்தை ஆங்கில இலக்கிய வகுப்பில் வேதவாக்காகக் கேட்டிருக்கிறேன்.

சத்திமுத்தப் புலவர் இதற்கு உடன்பட மாட்டார். பாண்டியன் தலைநகரில் வாடையில் நடுங்கிக் கிடந்தவர், வடக்கே போகும் நாரையை மனைவிக்குத் தூதாக அழைத்தார். குளிரும் வறுமையும் அவர் பார்வையை மங்கச் செய்யவில்லை. நாரையின் அலகை அவர் பார்த்த கூர்மை, பறவையில் படிமம் தேடும் நம் கவிஞர்களிடம் அரிது. தேவைதான் அந்தக் கண்ணைத் தீட்டியிருக்கிறது.

வேடந்தாங்கல் விவசாயியின் விஷயம் இன்னும் ஸ்தூலமானது. ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது. இதை அறிந்த ஊரார் 1790களில், பறவைகளைச் சுட்ட வெள்ளைச் சிப்பாய்களுக்கு எதிராகச் செங்கற்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, எழுத்து மூலம் உரிமை பெற்றார்கள். 1858ல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். அரசு அதைச் சரணாலயமாக அங்கீகரித்தது 1936ல்தான். சுயநலம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கடன்பட்டவர்கள் தங்கள் கடனை அறிந்திருந்தார்கள்.

ஆனால் யார் வயலுக்கும் உரமிடாத பறவையின் கதி என்ன? பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கும் பூநாரையால் எவருக்கும் விளைச்சல் பெருகவில்லை. பெருங்குடிப் பக்கம் நகரத்தின் குப்பை மலையாகக் குவிந்தது. சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடானது 2007ல். ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 2022ல். தேவை ஒன்றையே அறத்தின் ஊற்றாகக் கொண்டால் பூநாரைக்காக வழக்காட ஆளில்லை.

இங்குதான் பயன் கருதாத பார்வையாளனின் முறை வருகிறது. அவனுடைய தூய்மை மட்டும் இதற்குப் போதாது. விவசாயிக்குக் கடனைத் தேவை கற்பித்தது. இவன் அதைத் தானே வரித்துக்கொள்ள வேண்டும். மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950லிருந்து 1996ல் இறக்கும்வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். நாற்பத்தாறு ஆண்டுகள் சாட்சி சொல்வதைப் பொழுதுபோக்கு என்று கூற முடியாது.

எத்தனை உள்ளான், எந்தத் தேதி, எந்தச் சேறு என்று குறித்து வைப்பது குமாஸ்தா வேலையாகத் தோன்றலாம். சேற்றை மனைகளாக்க வருகிறவன் 'இங்கே ஒன்றுமில்லை' என்றுதான் சொல்லுவான். அவனுக்குப் பதில் சொல்ல, நான் விடுதலை என்று நினைத்ததைவிட அந்தக் கணக்கே உதவும்.