கதவைச் சாத்துவதும் திருப்பணிதான்

 

சுங்கை காடுட் பக்கம் இப்போது நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் திருட்டில்தான் வந்து நிற்கிறது. வாசலில் நிறுத்தின மோட்டார் காணோம். கோவிலுக்குப் போய் வருவதற்குள் பின்கதவு திறந்து கிடக்கிறது. கடை முன்னால் இன்ஜினை ஓடவிட்டு ரொட்டி வாங்க இறங்கினவர் திரும்பிப் பார்த்தால் காரே இல்லை. வெள்ளிக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும் இதைப் பற்றிப் பேசலாம் என்று சொன்னேன். உடனே ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, பூட்டு போடச் சொல்றதுக்கு போலீஸ் இருக்கு. சமயத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" அவனுக்கு அன்றைக்குச் சொன்னதையும் நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் திருமறைக்காட்டுக்குப் போவோம். இன்றைக்கு வேதாரண்யம் என்கிறார்களே, நாகப்பட்டினம் மாவட்டத்தில், அந்த ஊர்தான். வேதங்கள் வழிபட்டுவிட்டுக் கோவிலின் நேர்வாசல் கதவைத் திருக்காப்பிட்டுப் போய்விட்டன, அதன்பின் யாராலும் திறக்க முடியவில்லை, அடியார்கள் பக்கத்தில் வேறொரு வாசல் வைத்துப் போய்வந்தார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்பர் சுவாமிகளும் ஞானசம்பந்தரும் ஒன்றாக அங்கே வந்தார்கள். கதவு திறக்க அப்பர் பாடினார். பாட்டுக்கு மேல் பாட்டு போகிறது, கதவு அசையவில்லை. பதிகத்தின் கடைசியில்தான் திறந்தது. இந்தக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெரும்பாலான சொற்பொழிவுகள் இங்கேயே கைத்தட்டு வாங்கி முடிந்துவிடும். மிச்சக் கதையை எத்தனை பேர் சொல்கிறார்கள்? உள்ளே போய் வணங்கி வெளியே வந்ததும், கதவு மூடிக்கொள்ள ஞானசம்பந்தர் பாடினார். முதல் பாட்டிலேயே மூடிக்கொண்டது. அன்றிலிருந்து அந்தக் கதவு நாள்தோறும் திறந்து மூடும் கதவானது.

இதை நான் ஏன் பெரிதாக எடுக்கிறேன் என்றால், திறக்க ஒரு பதிகம் என்றால் மூடவும் ஒரு பதிகம் இருக்கிறது. திறந்தது மட்டும் பக்தி, மூடினது ஏதோ வாட்ச்மேன் வேலை என்று நம் பெரியவர்கள் நினைக்கவில்லை. எந்நேரமும் மூடியே கிடந்தால் வழிபாடு இல்லை. எந்நேரமும் திறந்தே கிடந்தால் அது வாசலே இல்லை. நம் கோவில்களில் அர்த்தசாம பூஜை முடிந்ததும் நடை சாத்துகிறோம். "சாமியே இருக்கார், எதுக்குப் பூட்டு?" என்று எந்தக் குருக்களும் சாவியைத் தூக்கி எறிவதில்லை. "சாமி பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு கேட்டைத் திறந்து போட்டுப் போகிறவர்களிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: உங்கள் வீட்டுக்கு சாமியை ஜாகா ஆக்கிவிட்டு நீங்கள் என்ன வேலை பார்க்கப் போகிறீர்கள்?

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் உடனே ஒன்று சொல்வார்கள். "லயத்துல இருந்தப்ப நாங்க கதவையே பூட்டினதில்லை." உண்மைதான். ஆனால் அந்தக் கதவை யார் காத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். விடியுமுன்னே பெரட்டுக்குப் போக லயம் முழுக்க எழுந்துவிடும். வேலைக்குப் போகாத பாட்டிகள் திண்ணையில் இருப்பார்கள். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளோடு ஆட்கள் இருப்பார்கள். புது முகம் ஒன்று தோட்டத்துக்குள் வந்தால் மாரியம்மன் கோவிலைத் தாண்டுவதற்குள் யார், எவர், எங்கே வந்தாய் என்று மூன்று பேர் கேட்டுவிடுவார்கள். பூட்டு இல்லைதான், ஆனால் அத்தனை கண்கள் இருந்தன. (எங்கள் பாட்டியைக் கேட்டால் "உள்ளே திருட என்னடா இருந்துச்சு?" என்பார். அதுவும் நியாயம். தோட்டத்திலும் ஒட்டுப்பால் திருட்டு இருந்தது என்பதையும் அவரே சொல்வார்.) தோட்டங்கள் போய் தாமான் வந்தபோது திறந்த கதவு என்ற பழக்கத்தைக் கூட எடுத்துவந்துவிட்டோம். அந்தக் கண்களை மட்டும் கொண்டுவரவில்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர் பெயர்கூட தெரியாமல் பத்து வருஷம் ஓடுகிறது.

சரி, அப்போ பெரிய பூட்டாகப் போட்டால் முடிந்ததா? இல்லை. அதற்கு ஸ்ரீபுரந்தான் சாட்சி.

தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிற ஊர். சோழர் காலத்துப் பிரகதீஸ்வரர் கோவில். வழக்கமான பூஜை நின்று, கோவில் பூட்டியே கிடந்தது. 2006இல் அங்கிருந்த நடராஜர் திருட்டுப் போனார். நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர் என்ற சிலை வியாபாரி கைக்குப் போய், 2008இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருக்கிற தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அவரை வாங்கியது. ஊருக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? அதே 2008இல், சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று அதிகாரிகள் வந்து கோவிலைத் திறந்தபோது! அதுவரை உள்ளே சாமி இருக்கிறார் என்று நினைத்து வெளியிலிருந்தே கும்பிட்டுப் போனவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அங்கே பூட்டு இருந்தது. தினமும் ஒரு விளக்கு ஏற்ற ஆள் இல்லை. ஒரு வேளை பூஜை நடந்திருந்தால் மறுநாள் காலையே தெரிந்திருக்கும்.

நடராஜர் திரும்பி வந்த விதத்திலும் நமக்குப் பாடம் இருக்கிறது. புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல வருஷத்துக்கு முன்பே தமிழ்நாட்டுக் கோவில் சிலைகளைப் படம் எடுத்து வைத்திருந்தது. அந்தப் படத்தையும் கான்பெராவில் இருந்த சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இவர் அவரே என்று உறுதியானது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த டோனி அபோட் டில்லிக்கு வந்து ஒப்படைத்தார். ஒரே ஒரு பழைய படம் செய்த வேலை. உங்கள் மோட்டாரின் இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் உங்களிடம் படமாக இருக்கிறதா? அம்மாவின் தாலிக்கொடி, தங்கச்சியின் வளையல்? இன்றைக்கு ராத்திரியே கைப்பேசியில் எடுத்து, வேறொரு இடத்திலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். பூட்டுவது நம் பொருளுக்காக மட்டும் இல்லை. பிறருக்காக.

ஒரு வீட்டில் திருட்டு நடந்த மறுநாள் கவனித்திருக்கிறீர்களா? திருடினவன் ஒருவன். ஆனால் சந்தேகம் எத்தனை பேர் மேல் விழுகிறது! தொழிற்பேட்டை ஹாஸ்டலில் இருக்கிற நேபாளி, பங்களாதேஷ் தொழிலாளி முதலில். அடுத்து போன வாரம் கிரில் போட வந்த ஆள். அப்புறம், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தக் கோடி வீட்டுப் பையன், வேலை இல்லாம சுத்துறானே..." நிறத்தை வைத்து, காதில் போட்ட கடுக்கனை வைத்து, சாலையில் நம்மை நிறுத்தி விசாரித்தால் எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதே காரியத்தை நாமே செய்துகொண்டிருக்கிறோம். மோட்டாரை இழந்தவருக்கு இன்சூரன்ஸ் வந்தாலும் வரலாம். பழி விழுந்த பையனுக்கு அந்த தாமானில் பெயர் திரும்ப வராது. சாவியை மோட்டாரிலேயே விட்டுப் போகிற இரண்டு நிமிஷத்தில் இவ்வளவும் ஆரம்பிக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாத் திருடனும் திட்டம் போட்டு வருவதில்லை. பதினாறு வயசுப் பையன், கையில் காசில்லை, கூட்டாளி ஏத்திவிடுகிறான், எதிரே சாவியோடு ஒரு மோட்டார். பூட்டியிருந்தால் அவன் அந்த ராத்திரி வீட்டுக்குப் போயிருப்பான். இங்கே மலேசியக் குற்றவியல் சட்டத்தில் 379ஏ பிரிவு வாகனத் திருட்டுக்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை என்கிறது. செய்தது அவன் தப்புதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பதஞ்சலி முனிவர் இயமங்களில் ஒன்றாக வைத்த கள்ளாமை, வள்ளுவர் ஒரு முழு அதிகாரமே எழுதிய கள்ளாமை, தான் திருடாமல் இருப்பதோடு முடிந்துவிடுமா? தடுமாறி நிற்கிறவனுக்கு எதிரே ஆசையைத் திறந்து வைக்காமல் இருப்பதும் அதில் சேர்ந்ததுதான் என்று எனக்குப் படுகிறது. அதே வள்ளுவர் பொச்சாவாமை என்று மறதிக்கு எதிராகத் தனியாக ஓர் அதிகாரம் வைத்ததையும் மறக்கக் கூடாது.

திருட்டுச் சாமான் வாங்குவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நம் வயசுக்காரர்கள்தான் மாட்டுகிறார்கள். புது மாதிரி ரிம், எக்ஸாஸ்ட் பாதி விலைக்கு, ரசீது கிடையாது, "கேக்காத மச்சான், வேணும்னா எடு" என்று ஒருவன் சொல்கிறான். அது யாரோ ஒருவருடைய மோட்டாரைப் பிரித்தது. தெரிந்தே வாங்கினால் 411வது பிரிவு. சட்டத்தை விடுங்கள். அந்த ரிம்மைப் போட்ட மோட்டாரில் வேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு எந்த முகத்தோடு முருகன் சந்நிதிக்குப் போவது?

நம் சமயத்துக்காரர்கள் ஏமாறும் இன்னொரு வழி, வேஷம். மெய்ப்பொருள் நாயனாரைத் தெரியும். திருக்கோவலூர் மன்னர். போரில் ஜெயிக்க முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்தான். திருநீற்றைப் பார்த்து எல்லாக் காவலும் வழிவிட்டது. உள்வாசலில் தத்தன் மட்டும் "மன்னர் உறங்குகிறார், சமயம் பார்த்துப் போங்கள்" என்றான். நாயனாரின் பக்திக்கு ஈடு கிடையாது, குத்தினவனையே பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொன்னவர். ஆனால் கேள்வி கேட்ட தத்தனைச் சேக்கிழார் எங்கேயும் குறை சொல்லவில்லை. அந்தத் தத்தனிடம்தானே நாயனார் கடைசி வேலையையும் ஒப்படைத்தார்? இப்போது ரசீது புத்தகம், நெற்றி நிறைய விபூதி, "கோவில் திருப்பணிக்கு வசூல்" என்று வருகிறார்கள். வீட்டில் பாட்டி மட்டும் இருந்தால் கிரில்லைத் திறந்துவிடுகிறார். கிரில்லுக்கு இந்தப் பக்கம் நின்று, எந்தக் கோவில், தலைவர் யார், அவருக்கு இப்போதே போன் போடலாமா என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். உண்மையான தொண்டர் கோபப்பட மாட்டார்.

எஞ்சினியரிங் படிக்கிறவன் என்பதால் இதையும் எழுதாமல் போக மனசு வரவில்லை: சாவி போடாமல் பட்டன் அழுத்தும் கார் வைத்திருக்கிறவர்கள் சாவியை வாசல் பக்கம் மாட்டி வைக்காதீர்கள். அந்தச் சாவியின் அலையை ஒரு கருவியால் வீட்டு வாசலில் பிடித்து, இன்னொரு கருவியால் கார் வரை நீட்டித்துத் திறந்துவிட முடியும். மூடியுள்ள தகர டப்பாவுக்குள் சாவியை வைத்து, டப்பாவோடு கார் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். கதவு திறக்கவில்லை என்றால் அந்த டப்பா போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் திருட்டுப் போகலாம். போன வீட்டுக்குப் போய் "எல்லாம் கர்மா", "முன்னாடியே பூட்டியிருக்கணும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சுந்தரர் சுவாமிகளே பறிகொடுத்தவர். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வரும்போது, இன்றைய திருப்பூர் பக்கம் திருமுருகன்பூண்டியில், வேடர் வடிவில் வந்தவர்கள் மொத்தமும் பிடுங்கிக்கொண்டார்கள். வந்தது சிவபூதங்கள் என்பதும், இறைவன் திருவிளையாடல் என்பதும் நமக்குத் தெரியும். வழியில் நின்ற சுந்தரருக்குத் தெரியாதே! அவர் தலைவிதி என்று நொந்துகொண்டு நடையைக் கட்டவில்லை. நேரே கோவிலுக்குப் போய், வழிப்பறி நடக்கிற இந்த ஊரில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று இறைவனையே கேட்டுப் பதிகம் பாடினார். பொன் திரும்பி வந்து வாசலில் குவிந்தது. ஆண்டவனிடமே கேட்கலாம் என்றால் போலீஸில் ரிப்போர்ட் செய்ய ஏன் தயங்க வேண்டும்? "போனது போச்சு" என்று நாம் விடுகிற ஒவ்வொன்றும் கணக்கில் வராமல் போகிறது. கணக்கில் வராத இடத்துக்கு ரோந்தும் அதிகம் வராது. பறிகொடுத்தவரோடு ஒருவர் துணைக்குப் போங்கள். பாரம் எழுத உதவி செய்யுங்கள்.

கண்களைத் திரும்பக் கொண்டுவரவும் வழி இருக்கிறது. ருக்குன் தெத்தாங்கா 1975இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. நம் தாமானில் மலாய்க்காரர், சீனர் எல்லோரும் சேர்ந்து இரவு ரோந்து போகும்போது நம் ஆட்கள் எத்தனை பேர்? கோவில் திருவிழாவுக்குத் தொண்டர் படையாக நாற்பது பேர் வருகிறோமே! மாதம் ஓர் இரவு வந்தால் போதும். சும்மா நடந்தால்கூட பக்கத்துத் தெருக்காரர் முகமாவது பழகும், அந்த நேபாளி அண்ணன் பெயரும் தெரியவரும்.

தைப்பூசம் வருகிறது. சுங்கை காடுட் ஸ்டேஷனில் கொமுட்டர் ஏறினால் நேரே பத்துமலை. குடும்பத்தோடு கிளம்பிவிடுவோம், சில தெருக்களில் வரிசையாக ஏழெட்டு வீடு இருட்டாகக் கிடக்கும். நம் பஞ்சாங்கம் திருடனுக்கும் தெரியும். வெளியூர் போவதை போலீஸ் நிலையத்தில் எழுதிக்கொடுக்க பாரம் இருக்கிறது, வாங்கி நிரப்புங்கள். காவடிப் படத்தைத் திரும்பி வந்தபிறகு போடுங்கள், முருகன் கோபிக்க மாட்டார். இந்த வருஷம் பூசத்தன்று இரவு ஊரிலேயே தங்கித் தெருவைச் சுற்றிவர இளைஞர்கள் பெயர் கேட்டிருக்கிறோம். பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களைத் தனியாக வேனில் பத்துமலைக்கு அழைத்துப் போவது என்று முடிவு. இதுவரை நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தெருவுக்கு இரண்டு பேர் என்று வைத்தாலும் இன்னும் ஆறு பேர் வேண்டும். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வரும்போது சொல்லுங்கள்.