யார் போட்ட திட்டம்?

கல்லூரி திறக்கும் காலம் வந்துவிட்டால் எங்கள் தெருவில் ஒரு கேள்வி வீடு வீடாக நடக்கத் தொடங்கிவிடும். "பையன் என்ன ஆகப் போகிறான்?" என்பதுதான் அந்தக் கேள்வி. பையன் என்ன படிக்கிறான் என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். படிப்பு வழி, உத்தியோகம் ஊர். ஊர் தெரிந்துவிட்டால் வழியைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

சென்ற ஆனி மாதத்தில் அந்தக் கேள்வி என் வீட்டுத் திண்ணைக்கும் வந்தது. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர், பி.காம். முதலாண்டில் சேர்ந்திருந்த தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார்.

"இவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள், சார். ஆடிட்டராக்கிவிட வேண்டும் என்று இருக்கிறேன். இப்போதே தொடங்கினால்தான் முடியும் என்கிறார்கள்" என்றார்.

ஆண்டுதோறும் கடைக்கு வரும் ஆடிட்டர் முன்னால் பேரேடுகளை அடுக்கி வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பவர் அவர். தாம் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் தம் மகனைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசையில் குறை காண நான் யார்?

"நீ என்ன நினைக்கிறாய், தம்பி?" என்று பையனைக் கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. தகப்பனார் முகத்தைப் பார்த்தான். பிறகு, "ஆடிட்டர்தான், சார்" என்றான்.

அந்தப் பார்வை எனக்குப் புதிதன்று. நானும் ஒரு காலத்தில் அப்படிப் பார்த்தவன்தான்.

நான் கல்லூரியில் சேர்ந்த நாளிலேயே என் தகப்பனார் என்னை வக்கீலாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அது எனக்கு ஆகாது என்பது முதலாண்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை நான் சொல்லவில்லை. அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்த ஐந்து நிமிஷப் பேச்சுக்கு நான் பயந்தேன்; அவ்வளவுதான். சட்டக் கல்லூரியில் சேர்ந்து, பாதியில் நின்ற பிறகுதான் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "முதல் வருஷமே சொல்லியிருந்தால் தெற்குக் கொல்லையை விற்றிருக்க மாட்டேனேடா" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நான்தான் இன்றும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பதினேழு வயதில் ஒருவனுக்குத் தன் வாழ்நாள் முழுவதும் தெரிந்துவிடுமா? தெரியாது. அதனால் திட்டமே வேண்டாம், மூன்றாண்டு துள்ளித் திரியட்டும் என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. அவன் துள்ளுவதற்கு வேறு ஒருவர் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சர் சி. வி. ராமன் 1907-இல் எம்.ஏ. முடித்தார். விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க அன்று வழி அரிது. நிதித் துறைப் பரீட்சை எழுதித் தேறி, பதினெட்டாம் வயதில் கல்கத்தாவில் அதிகாரியானார். ஆனால் அலுவலகம் முடிந்த மாலை வேளைகளில் ஒரு விஞ்ஞானச் சங்கத்தின் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போவதை அவர் விடவில்லை. பத்தாண்டு கழித்து, 1917-இல், சம்பளம் குறைந்தாலும் சரி என்று உத்தியோகத்தை உதறிவிட்டுப் பேராசிரியரானார். 1930-இல் நோபல் பரிசு வந்தது. முதலில் போட்ட திட்டம் அவருக்குச் சோறு போட்டது. ஆனால் அது அவரைச் சிறைவைக்கவில்லை.

அப்துல் கலாம் கதை வேறு. 1954-இல் திருச்சியில் இயற்பியல் பட்டம் பெற்ற பிறகே, தம் மனம் பொறியியலை நாடுகிறது என்பதை அவர் உணர்ந்தார். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் வேண்டியிருந்தது. தமக்கை தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்டுத் தருவதென்று தம்பி உறுதி செய்துகொண்டார். அவர் காலந்தாழ்ந்து வழி மாறியதில் தவறொன்றுமில்லை. தம் மாற்றத்துக்கு யாருடைய கை வெறுங்கையாகிறது என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என்று ஓர் அதிகாரமே வைத்தார். போவது என்ன, வருவது என்ன, பின்னால் மிஞ்சுவது என்ன என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் அவர். நம் பிள்ளைகள் வருவதை மட்டும் எண்ணக் கற்றிருக்கிறார்கள். ஆரம்பச் சம்பளம் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிகிறது. போவது யாருடையது என்பதைத்தான் கேட்பதில்லை. கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை பொதுவாகத் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி அதற்காகக் காத்திருப்பதில்லை. சொல்லாமல் மறைத்த உண்மைக்கும் அப்படித்தான் வட்டி ஏறுகிறது.

ஆகவே, முதலாண்டு மாணவன் திட்டமிடத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் திட்டம் என்பது பதவியின் பெயர் அன்று. அந்தப் பதவியில் இருப்பவனுடைய சாதாரண நாளைப் போய்ப் பார்ப்பது திட்டம். அந்த உழைப்பைச் சம்பளம் வராத மாதத்திலும் தன்னால் தாங்க முடியுமா என்று கேட்டுக்கொள்வது திட்டம். முடியாது என்று தெரிந்தால், தெரிந்த அன்றே வீட்டில் சொல்லிவிடுவதும் திட்டம்தான்.

இதையெல்லாம் அன்று நான் விரித்துச் சொல்லவில்லை. நண்பருக்கு ஒரு செய்தி மட்டும் சொன்னேன். பி.காம். பட்டத்தை 55 விழுக்காடு மதிப்பெண்ணோடு முடித்தவர்கள், ஆடிட்டர் படிப்பில் முதல்நிலைத் தேர்வு எழுதாமலே இடைநிலைக்குப் போகலாம். ஆகையால் ஓராண்டு நின்று யோசித்தால் கதவு சாத்திவிடாது. அவசரம் நாம் உண்டாக்கிக்கொண்டது. பிறகு பையனிடம், "உங்கள் கடை ஆடிட்டரிடம் கேட்டு, விடுமுறையில் பத்து நாள் அவர் அலுவலகத்தில் போய் உட்கார், தம்பி. பதினோராம் நாள் உன் அப்பாவிடம் உண்மையைச் சொல்" என்றேன்.

பையன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எனக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை, சார்" என்றான். தகப்பனார் திடுக்கிட்டு அவனைப் பார்த்தார். அன்று அவன் பேசியவற்றில் அவனுடைய சொந்த வார்த்தை அது ஒன்றுதான்.

இருவரும் எழுந்து போனார்கள். தெருமுனை வரையில் ஒருவரோடொருவர் பேசவில்லை. அங்கே பையன் நின்றான். "அப்பா, என் ஃபீஸுக்குச் சீட்டுப் பணம் எவ்வளவு எடுத்தீர்கள்?" என்று அவன் கேட்டது என் திண்ணை வரையில் கேட்டது.

நான் கேட்கத் தவறிய கேள்வி அது. தெற்குக் கொல்லை என்ன விலைக்குப் போயிற்று என்று இன்று வரை எனக்குத் தெரியாது.