டெஸ்ட்டுக்கு ஒண்ணு, ரோட்டுக்கு ஒண்ணு

சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன் முப்பது வருடமாகக் கார்ப்பரேட்டரைக் காதால் டியூன் செய்தவர். ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். இப்போது வரும் வண்டிகளில் திருப்ப ஸ்க்ரூ கிடையாது. ஸ்கேனரைச் செருகினால் ஒரு கோளாறு எண் வரும், அதற்குரிய பாகத்தை வாங்கி மாட்ட வேண்டும். “பெட்டி வந்ததுக்கு அப்புறம் நான் மெக்கானிக் இல்ல தம்பி, பார்சல் பிரிக்கிற ஆளு” என்றார் ஒருநாள். அவர் சலிப்பில் சொன்னது எனக்கு ஆசையாகத் தொற்றிக்கொண்டது.

பழைய மாருதி 800 எஞ்சின் ஒன்றை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினோம். மூன்று சிலிண்டர், 796 சிசி. கார்ப்பரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டர்களைப் பொருத்தினோம். கட்டுப்பாட்டுக்கு ஸ்பீடுயினோ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜாஷ் ஸ்டூவர்ட் தொடங்கிய திட்டம் அது. கல்லூரி மாணவர்கள் ப்ராஜெக்டுக்கு வாங்கும் ஆர்டுயினோ மெகா பலகைதான் அதன் மூளை. நிரல் முழுவதும் திறந்த மூலம், யாரும் படிக்கலாம், மாற்றலாம். ஓடும் வண்டியில் இதை மாட்டவில்லை. ஆலை கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. ஸ்டாண்டில் நிற்கும் எஞ்சினுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பெட்டிக்குள் மாயம் ஒன்றும் இல்லை. பதினாறுக்குப் பதினாறு, 256 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை. ஒரு பக்கம் எஞ்சின் வேகம், இன்னொரு பக்கம் அதன் மேல் உள்ள சுமை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இருக்கும் எண்ணை வைத்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லி நொடி திறந்திருக்க வேண்டும் என்று நிரல் கணக்கிடுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். நல்ல இழுவை வேண்டுமென்றால் பெட்ரோலைக் கூட்டி 12.5 பக்கம் கொண்டுபோவார்கள். அப்போது கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் புகையில் கூடும். புகைக்குழாயில் ஒரு ஆக்சிஜன் சென்சார் வைத்து இந்த விகிதத்தை நொடிக்குப் பலமுறை லேப்டாப்பில் பதிவு செய்தோம். அண்ணனுக்கு அந்தக் கோடுகள் பிடித்துப்போயின. “என் காது சொன்னதையே இது படமா போடுதுடா” என்றார்.

ஒருநாள் காலை பக்கத்து டீக்கடை அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். “தெனமும் ஸ்டார்ட் பண்ண ஒடனே கண்ணு எரியுது. வர்ற ஆளுங்க கிளாஸ வச்சிட்டுப் போயிடுறாங்க.” எங்களுக்கு ஆச்சரியம். பதிவில் எல்லாம் ஒழுங்காக அல்லவா இருந்தது? பிறகுதான் உறைத்தது, எஞ்சின் சூடேறிய பிறகுள்ள பகுதியை மட்டும்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் நான்கு நிமிடத்தைத் திறந்தால் விகிதம் 11-ஐச் சுற்றிக் கிடந்தது. ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது என்ற சந்தோஷத்தில் குளிர் நேரப் பெட்ரோலை அள்ளிக் கொடுத்திருந்தோம். பதிவு பொய் சொல்லவில்லை. எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுத்தது நாங்கள்.

அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அண்ணன் கேட்டார்: “ஏன் தம்பி, இதுல ரெண்டு டேபிள் வச்சுக்கலாமாமே. டெஸ்ட்டுக்கு ஒண்ணு, ரோட்டுக்கு ஒண்ணு வச்சா கஸ்டமருக்கும் சந்தோஷம், சர்ட்டிபிகேட்டும் வந்துரும்ல?”

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அது முடியும். ஸ்பீடுயினோவில் இரண்டாவது பெட்ரோல் அட்டவணைக்கு வசதி இருக்கிறது, ஒரு சுவிட்ச் போதும். எனக்கு அரைமணி நேர வேலை.

இதைத்தான் ஃபோக்ஸ்வாகன் செய்தது. மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகத்தின் அரவிந்த் திருவேங்கடம், மார்க் பெஷ், ஹேமந்த் கப்பன்னா அடங்கிய குழு, அளவிடும் கருவியைக் காருக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தது. சோதனைக்கூடத்தில் சுத்தமாக இருந்த டீசல் கார் சாலையில் நைட்ரஜன் ஆக்சைடுகளை அளவுக்கு மீறிக் கக்கியது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நோட்டீஸ் விட்டது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் ஒரு முகம், சாலையில் இன்னொரு முகம். அந்தச் செய்தியைப் படித்தபோது என்னைப் போன்ற நிரலாளர்கள் பலர் சொன்ன பதில் ஒன்றுதான்: மூடிய பெட்டிதான் குற்றவாளி, நிரலைத் திறந்துவிடுங்கள்.

டீக்கடை வாசலில் நின்றபோது அந்தப் பதில் போதவில்லை. என் நிரல் திறந்ததுதான், உலகமே படிக்கலாம். ஆனால் 256 கட்டங்களில் நான் நிரப்பும் எண்கள் என் லேப்டாப்பில் இருக்கின்றன. இரண்டாவது அட்டவணைகூடத் தேவையில்லை. நம் ஊர் புகைச் சான்றிதழுக்குப் பெட்ரோல் வண்டியை நின்ற இடத்தில்தான் சோதிக்கிறார்கள், சுமையோடு ஓட்டிப் பார்ப்பதில்லை. அட்டவணையின் ஒரு மூலையில் இருக்கும் சில கட்டங்கள் ஒழுங்காக இருந்தால் போதும். மற்ற கட்டங்களைக் கேட்க ஆளில்லை. சுவிட்ச் வைக்காமலே ஒருவன் ஏமாற்றலாம், தான் ஏமாற்றவில்லை என்று நம்பிக்கொண்டும் இருக்கலாம்.

மூடிய பெட்டி நமக்கு ஒரு சௌகரியத்தைத் தருகிறது. “கம்பெனி செட்டிங், நான் என்ன பண்றது?” என்று சொல்லிவிடலாம். திறந்த பெட்டி அந்த வாக்கியத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு எண்ணும் நான் போட்டது. சுதந்திரம் என்றால் நினைத்ததை மாற்ற முடிவது என்று நினைத்துத்தான் இதில் இறங்கினேன். இனி பழிபோட ஆளில்லை என்பதும் அதில் அடக்கம் என்று தெரிந்திருக்கவில்லை.

அப்படியானால் என்னைக் கேட்க வேண்டியவர் யார்? கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் சாலையிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. உப்பனாற்றங்கரையில் சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது பஸ்ஸில் ஜன்னலை மூடிய அனுபவம் இந்தப் பக்கம் எல்லோருக்கும் உண்டு. அங்குள்ள கிராமத்து மக்கள் 2004-இல் தாங்களே காற்றைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன நாற்றம் என்று எழுதி வைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, உள்ளே ஒரு பை, அதில் காற்றை இழுத்து நிரப்பி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்த வாளி முறை தொண்ணூறுகளில் கலிஃபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளுக்கு அருகில் வாழ்ந்தவர்களுக்காகப் பிறந்தது. ஆலைகளிடம் அளவுக் கருவிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அளப்பவர் ஒருவர், சுவாசிப்பவர் வேறொருவர். வாளி இந்த இருவரையும் ஒன்றாக்கியது. நானும் அதுவரை புகையை அளந்துகொண்டிருந்தேன், சுவாசித்தது அக்கா.

அன்று மாலை பதிவுக் கோப்பில் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்க்க இருபது வரியில் ஒரு நிரல் எழுதினேன். அக்கா சொல்லும் நேரத்தை அண்ணன் சாக்பீஸால் சுவரில் எழுதி வைப்பார், நான் அதைப் பதிவில் ஏற்றுவேன். முதல் வாரம் ஏழு புகார். குளிர் நேரப் பெட்ரோலைக் குறைத்ததும் இரண்டானது. எஞ்சின் இப்போது ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆவதில்லை, மூன்று நான்கு சுற்று கேட்கிறது. அண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரே அட்டவணைதான் வைத்திருக்கிறோம். முறைப்படி அனுமதி வாங்கி இதை ஒரு வண்டியில் ஏற்றலாமா என்று போன வாரம் பேச்சு வந்தது. அண்ணன் சுவரில் இருந்த சாக்பீஸ் கோடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஏத்தலாம் தம்பி. ஆனா பின்னாடி பைக்ல வர்றவன் எங்க வந்து நம்மகிட்ட நேரம் சொல்லுவான்?”

எஞ்சின் இன்னும் ஸ்டாண்டில்தான் இருக்கிறது.