வாட்சுக்கு டச் பார்ப்பது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்க வருகிறவருக்கு விலையை யாரும் விளக்க வேண்டியதில்லை. தராசில் எடை தெரியும். அன்றைய வெள்ளி விலை அவர் செல்போனிலேயே இருக்கும். டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று மூன்று கேள்வி கேட்டால் கணக்கு முடிந்தது. கூலியில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பத்து நிமிஷம் பேசுவார். படியவில்லை என்றால் எழுந்து அடுத்த கடைக்குப் போவார்.

இதே ஆள் ஏ.சி. போட்ட வாட்ச் ஷோரூமுக்குள் போனால் வாயே திறப்பதில்லை. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், கார்டை நீட்டுகிறார். எஃகு எத்தனை கிராம், கூலி எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்று ஒரு கேள்வி கிடையாது. கொலுசுக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம், வாட்சுக்கு 18 சதவீதம். அதையும் பேசாமல் கட்டிவிட்டு வருகிறார்.

என் அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். சம்பளம் கூடியிருக்கிறது. "மாமா, ஒரு லட்ச ரூவாயில சுவிஸ் வாட்ச் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கறனுங்க. குடுக்கற காசுக்குத் தகுமுங்களா?" என்று போனில் கேட்டான். வெள்ளிப் பட்டறை வீட்டுப் பையன். நம் வழக்கப்படியே பிரித்துப் பார்த்துவிடலாம் என்றேன்.

முதலில் நேரம். செல் போட்டு ஓடும் குவார்ட்ஸ் வாட்சுக்குள் ஒரு சின்னப் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதை எண்ணித்தான் முள் நகர்கிறது. ஆயிரம் ரூபாய் வாட்ச்கூட மாதத்துக்குப் பதினைந்து, இருபது வினாடிதான் முன்பின் போகும். ஸ்பிரிங்கில் ஓடும் உயர்தர சுவிஸ் வாட்சுக்கு 'குரோனோமீட்டர்' என்று சான்று தருகிறார்கள். அந்தச் சான்றுக்கே ஒரு நாளைக்கு 4 வினாடி பிந்தலாம், 6 வினாடி முந்தலாம். மாதக் கணக்கில் பார்த்தால் மூன்று நிமிஷம் வரை வரும். ஆக, மணி பார்க்க மட்டும் என்றால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகிற பணத்தில் எதுவும் நேரத்துக்குப் போவதில்லை. குவார்ட்ஸ் வந்தபோது கதை தலைகீழாக இருந்தது. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீகோ விற்பனைக்கு விட்ட முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் விலை 4,50,000 யென். அன்றைக்கு ஒரு காரே வாங்கியிருக்கலாம்.

நம் பக்கத்து வாட்ச் சரித்திரம் எச்.எம்.டி.யில் தொடங்குகிறது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து 1961இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கினார்கள். ஜனதா, பைலட், கோஹினூர், காஞ்சன், சோனா என்று எத்தனை பெயர். மாப்பிள்ளைக்கு மோதிரம், வாட்ச் என்று சம்பந்திகள் பேசிய காலத்தில் வாட்ச் என்றால் பெரும்பாலும் அதுதான். காலையில் எழுந்ததும் சாவி கொடுக்க வேண்டும். திருகைச் சுற்றச் சுற்ற விரலில் ஒரு இறுக்கம் ஏறி, போதும் என்று அதுவே சொல்லும். இன்றைக்கும் பஜாரில் வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஜனதாவின் பின்மூடியைத் திறந்தால், மூச்சு விடுவதுபோல் வந்து போகும் ஹேர்ஸ்பிரிங்கையும், சக்கர அச்சுகளுக்கு அடியில் சிவப்பாக மின்னும் கற்களையும் பார்க்கலாம். கல் என்றால் நகைக் கல் அல்ல, தேய்மானம் குறைய வைக்கும் செயற்கை மாணிக்கம். 17 கற்கள் என்று டயலிலேயே அச்சடித்திருப்பார்கள்.

எச்.எம்.டி. பெரும்பாலும் ஸ்பிரிங்கையே பிடித்துக்கொண்டிருந்தபோது குவார்ட்ஸை நம்பி இறங்கியது டைட்டன். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி, ஆலை ஓசூரில். ஓசூர் என்றால் சேலத்துக்காரருக்கு அந்நிய ஊர் இல்லை. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை அது சேலம் மாவட்டத்து ஊர். சுற்று வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பை முடித்த பிள்ளைகளை எடுத்துப் பழக்கி வேலைக்கு வைத்தார்கள். அந்த ஆலையிலிருந்து 2002இல் எட்ஜ் என்று ஒன்று வந்தது. மொத்தக் கனமே 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். வேலைத்திறம் சுவிட்சர்லாந்தில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. உடனே பழைய பைலட்டுக்குக் கிராக்கி. டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, நாலு வாட்சின் பாகங்களை ஒன்றில் திணித்து விற்பவர்களும் கிளம்பிவிட்டார்கள். டச் குறைந்த கொலுசுக்குப் பட்டறைக்காரன் சொல்லும் வார்த்தைகள் இதற்கும் பொருந்தும். இங்கே எழுத முடியாது.

சரி, லட்ச ரூபாய்க்கு வருவோம். உலோகம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் எஃகு. கீறல் விழாத சஃபையர் கண்ணாடி, தண்ணீர் புகாத கூடு இவை நியாயமான செலவு, ஆனால் இரண்டும் பதினைந்தாயிரம், இருபதாயிரத்திலேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் கொடுப்பதில் ஒரு பங்கு கைவேலைக்குப் போகிறது. நல்ல வாட்சில், மூடிக்குள் யார் கண்ணுக்கும் படாத தகட்டின் ஓரத்தைக்கூடச் சாய்த்து இழைத்துப் பளபளப்பாக்கியிருப்பார்கள். அதை நான் கேலி செய்ய மாட்டேன். மீதிப் பங்கு பெயருக்கும் விளம்பரத்துக்கும். விலை ஏற ஏறக் கைவேலைப் பங்கும் ஏறும். பெயரின் பங்கு அதைவிட வேகமாக ஏறும்.

பெயருக்குக் கொடுத்த காசு வேறு விதமாகவும் திரும்பி வரும். கர்நாடக முதல்வர் சித்தராமையா கட்டியிருந்த ஹூப்ளோ வாட்ச் 2016இல் சட்டமன்றத்தையே கலக்கியது. கடைசியில் அதை அரசிடம் ஒப்படைத்தார். 2022 டிசம்பரில், அப்போது தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலையின் ரஃபேல் வாட்சுக்குப் பில் எங்கே என்று கேட்டார்கள். மறு ஏப்ரலில் அவர் பில்லைக் காட்டினார். இரண்டு வாட்சும் சரியான மணி காட்டியதா என்று மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

முதலீடு என்கிறார்கள். விற்கும்போது விலை ஏறும் வாட்ச் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்கள்தான். மற்றவை கடைப்படி இறங்கியதுமே விலையும் இறங்கிவிடும். கொலுசை உருக்கினால் வெள்ளி மிஞ்சும். வாட்சை உருக்கி என்ன செய்வது? பராமரிப்பும் உண்டு. ஸ்பிரிங் வாட்சை சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து, துடைத்து, எண்ணெய் விட வேண்டும். பெரிய பெயர் என்றால் அந்த ஒரு சர்வீசுக்கே அரை லட்சத்துக்கு மேல் கேட்பார்கள்.

எனக்கு உறுத்துவது இது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜோடி கொலுசு கம்பி இழுப்பதில் தொடங்கி, சலங்கை கோத்து, பற்றவைத்து, மெருகு ஏறும்வரை பல கைகள் மாறுகிறது. ஊதுகுழலும் நெருப்பும் முன்னால் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருப்பவருக்கு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கொலுசு இந்தியா முழுக்கப் போகிறது, செய்தவர் பெயர் எங்கேயும் போவதில்லை. அவர் கூலியில் குறைக்கச் சொல்லி நிற்கும் நாம்தான், சுவிட்சர்லாந்துக்காரரின் கூலியையும் பெயரையும் பேரமில்லாமல் கட்டிவிட்டு வருகிறோம்.

பையனிடம் சொன்னது இவ்வளவுதான். இயந்திரத்தின் அழகு பிடித்திருக்கிறது, பின்மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை இருக்கிறது என்றால் இருபதாயிரத்துக்குள் ஒரு நல்ல ஸ்பிரிங் வாட்ச் வாங்கு. நம்மூர் ரிப்பேர்காரர் திறக்கத் தெரிந்த வாட்சாக இருக்கட்டும். மணி மட்டும் போதும் என்றால் ஓசூர் குவார்ட்ஸ் தாராளம். லட்ச ரூபாய் வாட்ச், தகாது. மிச்சக் காசில் அம்மாவுக்குக் கொலுசு எடுக்க வரும்போது கூலியில் பேரம் பேசாதே.