பயிற்சியாளருக்கு எத்தனை பருவம்?



அமெரிக்க நாட்டின் வட பிராந்தியங்களில், ஏரிகள் உறைந்து கிடக்கும் மார்கழி, தை மாதங்களில், சர்வகலாசாலை மாணவர்கள் சறுக்குக் காலணி பூண்டு, பனித்தளத்தின்மீது ரப்பர் வட்டு ஒன்றை வளைகோலால் விரட்டி ஆடும் ஐஸ் ஹாக்கி என்னும் ஆட்டம், அப்பிராந்திய மக்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. தாம் படித்த கலாசாலையின் அணி ஆடுவதைக் காண வருஷந்தோறும் தவறாமல் வருவதும், பிள்ளைகளையும் உடன் அழைத்து வருவதும் பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்ட காரியங்கள். அத்தகைய அணியொன்று தொடர்ந்து தோற்கத் தொடங்கினால், பருவம் முடிவதற்கு முன்பே ஒரு விவாதம் மூண்டுவிடுகிறது: பயிற்சியாளரை மாற்ற வேண்டுமா, வேண்டாமா? எதிரணி ஆட்டக்காரன் ஒருவன் தண்டனை பெற்று வெளியே அமர்ந்திருக்கும்போதுகூட நம்மவர்க்கு ஒரு கோல் போட முடியவில்லையே என்று ஒருவர் வருந்துவார். கெட்டிக்கார இளைஞர்களெல்லாம் பக்கத்துச் சர்வகலாசாலைக்குப் போய்ச் சேருகிறார்களே என்பார் மற்றொருவர். ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் வருஷங்களுக்கு யார் பணம் கொடுப்பது என்று மூன்றாமவர் கணக்குக் கேட்பார்.

இந்த விவாதத்தை அற்பமென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பிரியமில்லாத ஒன்றைக் குறித்து மனிதர் இத்தனை ஆத்திரத்தோடு வாதாடுவதில்லை. ஆனால் அந்தப் பிரியம் எந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் எனக்குக் கவலை.

ரெட் பெரன்சன் என்பவருடைய சரித்திரம் இங்கே நினைக்கத் தக்கது. கனடாவின் ரெஜைனா நகரில் பிறந்து, ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலையில் படித்து ஆடி, 1962-ஆம் வருஷம் கலாசாலைப் பருவம் முடிந்த கையோடு மான்ட்ரியால் நகரின் தொழில்முறை அணியிலே புகுந்தவர் அவர்; தொழில்முறை ஆட்டக்காரராக இருந்துகொண்டே அதே சர்வகலாசாலைக்குத் திரும்பி வந்து வாணிப நிர்வாகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றவர். பின்னர் செயின்ட் லூயிஸ் நகரின் தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளரானார். 1981-இல் அந்த அணி ஆடிய தொழில்முறைச் சங்கத்தின் தலைசிறந்த பயிற்சியாளர் என்னும் விருது அவருக்குக் கிடைத்தது. மறு வருஷமே, பருவம் முடியுமுன், அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். சந்தைக்கு ஆடும் ஆட்டத்தில் விருதுக்கும் விலக்கலுக்கும் இடையே ஓராண்டுகூட இல்லை.

அவர் 1984-இல் தாம் படித்த சர்வகலாசாலைக்கே பயிற்சியாளராக வந்தபோது, அது தேசிய சாம்பியன் பட்டம் வென்று இருபது வருஷங்கள் கடந்திருந்தன. முதற்பருவத்தில் 13 வெற்றி, 26 தோல்வி. இரண்டாவதில் 12 வெற்றி, 26 தோல்வி. மூன்றாவதில் 14 வெற்றி, 25 தோல்வி. ஆக, மூன்று பருவங்களில் வென்றவை 39, தோற்றவை 77. இந்த எண்களை மாத்திரம் ஒரு காகிதத்தில் எழுதி, பெயரை மறைத்து, எந்த ரசிகர் கூட்டத்தின் முன் வைத்தாலும், இவரை உடனே அனுப்பிவிட்டு வேறொருவரைத் தேடுங்கள் என்றுதான் பெரும்பான்மையோர் அபிப்பிராயம் சொல்வார்கள். சர்வகலாசாலையோ அவரை வைத்துக்கொண்டது. நான்காம் பருவத்தில் வெற்றி தோல்வியை விஞ்சியது. ஏழாம் பருவமாகிய 1991-இல் தேசியப் போட்டிக்கு அணி தகுதி பெற்றது. அன்று தொடங்கி 2012 வரை தொடர்ச்சியாக 22 வருஷங்கள் அந்தத் தகுதியை அது இழக்கவேயில்லை. 1996-இலும் 1998-இலும் பட்டம் கிடைத்தது.

இந்தக் காத்திருப்பை வெறும் தயாள குணம் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் நியாயமான கணக்கு ஒன்று உண்டு. கலாசாலை அணிக்கு ஆட்டக்காரன் ஒருவனைப் பதினாறு, பதினேழு வயதிலேயே பார்த்துப் பேசி இசைவு பெறுகிறார்கள். அவன் இளைஞர் சங்கங்களில் ஓரிரண்டு வருஷம் ஆடிவிட்டுப் பத்தொன்பது, இருபது வயதில்தான் கலாசாலைக்குள் அடியெடுத்து வைக்கிறான். ஆகவே புதிய பயிற்சியாளர் முதல் இரண்டு மூன்று பருவங்களில் அறுவடை செய்வது, நல்லதோ கெட்டதோ, அவருக்கு முன்னிருந்தவர் விதைத்த விதையைத்தான். அவர் தாமே தேர்ந்தெடுத்து அழைத்துவந்த பிள்ளைகள் படிப்பை முடித்துப் பட்டம் பெறும் வரையில் அவருடைய திறமையைப்பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்குப் போதிய ஆதாரம் கிடையாது.

இத்தகைய பொறுமைக்கு இன்னோர் உதாரணமும் உண்டு. 1998-இல் மிச்சிகன் இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்கடித்த அணி எது தெரியுமா? பாஸ்டன் கலாசாலை அணி. அதன் பயிற்சியாளர் ஜெரி யார்க், 1994-இல் அங்கே பொறுப்பேற்று, முதல் மூன்று பருவங்களிலும் வெற்றியைவிடத் தோல்வியையே அதிகம் கண்டவர். பாஸ்டன் நகரிலேயே நடந்த அந்த ஆட்டத்தில் தோற்று, 2000-ஆம் வருஷம் மீண்டும் இறுதியாட்டத்தில் வட டகோட்டா சர்வகலாசாலையிடம் தோற்று, அடுத்த வருஷம் அதே வட டகோட்டாவைக் கூடுதல் நேரத்தில் வென்று, அரை நூற்றாண்டுக்கு மேலாக, அதாவது 1949-க்குப் பிறகு, அக்கலாசாலை காணாத பட்டத்தைப் பெற்றுத் தந்தார். பிற்பாடு இன்னும் மூன்று பட்டங்கள் வந்தன. பொறுமை காட்டப்பெற்ற இருவர் 1998-இன் இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்றார்கள் என்பதை நான் மிகுந்த மகிழ்ச்சியோடு எண்ணிப் பார்க்கிறேன்.

இப்போது காலம் மாறியிருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். மாணவர்கள் ஒரு கலாசாலையிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் மாறிக்கொள்ள வழி பிறந்துவிட்டதால், ஒரே கோடைகாலத்தில் பாதி அணியைப் புதுப்பித்துவிடலாம். அதனால் ரசிகரின் அவசரத்துக்கும் முன்னைவிடச் சற்று நியாயம் கூடியிருக்கிறது. 2015-இல் பொறுப்பேற்று, முதற்பருவத்திலேயே, அதாவது 2016-இல், வட டகோட்டாவுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த பிராட் பெரி, 2025-இல் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறாத நிலையில் விலக்கப்பட்டார். பழைய கீர்த்தி யாருக்கும் ஆயுட்காலச் சாஸனம் ஆகாது. பெரன்சனுக்கும் கடைசி ஐந்து பருவங்களில் ஒரே ஒரு முறைதான் தேசியப் போட்டியில் இடம் கிடைத்தது. 2017-இல், 77 வயதில், அவர் விலகிக்கொண்டார்.

அவருக்குப்பின் வந்தவருடைய காலத்தில் நடந்தது இன்னும் முக்கியமானது. புதிய பயிற்சியாளரின் கீழ் மிச்சிகன் அணி 2018-இலும் 2022-இலும் தேசத்தின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக நின்றது. ஆட்டக் கணக்கு மட்டுமே அளவுகோலென்றால் அவரை அசைக்க முகாந்திரமில்லை. ஆயினும், அணிக்குள்ளே மாணவர்களும் ஊழியர்களும் நடத்தப்பட்ட விதம் குறித்து விசாரணை நடந்து, அதன் அறிக்கை வெளியானதும், அவர் அப்பதவியில் தொடர மாட்டார் என்று சர்வகலாசாலை அறிவித்தது. தோற்றவரைக் காத்த அதே ஸ்தாபனம் வென்றவரை விலக்கியது. இவ்விரண்டு முடிவுகளுக்கும் இடையே முரண்பாடு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கலாசாலை அணி என்பது முதலில் கலாசாலையின் ஓர் அங்கம். அதில் ஆடுகிறவன் முதலில் வித்தியார்த்தி. அவனைப் பயிற்றுவிப்பவர் முதலில் ஆசிரியர்.

ஆகையால், தங்கள் அணியின் தோல்வி கண்டு மனம் புழுங்கும் ரசிகர்களிடம் நான் வேண்டுவது இதுதான். குறை வெற்றி தோல்வியைப் பற்றியதாயின், அந்தப் பயிற்சியாளர் தாமே அழைத்துவந்த மாணவர்கள் நான்காம் வருஷத்தை முடிக்கும் வரை பொறுத்திருங்கள். குறை மாணவர்களை நடத்தும் முறையைப் பற்றியதாயின், அணி எத்தனை ஆட்டம் வென்றிருந்தாலும், ஒரு நாளும் பொறுக்க வேண்டாம்.